தோன்றா எழுவாய்

லடாக்கைப் பற்றி நான் ஒன்பது கவிதைகள் எழுதியிருக்கிறேன். 2013 ஜூலையில் அங்கே போய்த் திரும்பிய பத்து நாள்களுக்குள் எழுதியவை. சிற்றிதழ் ஒன்றில் மொத்தமாக வெளிவந்து, பிறகு என் இரண்டாவது தொகுப்பில் சேர்ந்தன. அந்த வரிசைக்கு நான் வைத்த தலைப்பு ‘யாருமற்ற மலை’. படித்த தோழிகள் சிலர் தாங்களும் போகவேண்டும் என்றார்கள். இருவர் போயும் வந்தார்கள். அப்போது எனக்கு அதில் பெருமைதான்.

சென்ற ஆண்டு அந்தத் தொகுப்பின் மறுபதிப்புக்காக மெய்ப்பு வந்தது. எழுத்துப் பிழை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். ஒன்பது கவிதைகளிலும் ஒரு மனித முகம்கூட இல்லை. பனி இருக்கிறது, காற்று, மந்திரக்கொடிகள், வட்டமிடும் பருந்து, ஆற்றின் நிறம், என் மூச்சிரைப்பு, என் தனிமை எல்லாம் இருக்கின்றன. பதினோரு நாள்கள் எனக்குச் சோறு போட்டவர்கள் இல்லை.

இடையில் 2023-இல் மறுபடியும் லடாக் போயிருந்தேன். அந்த இரண்டாம் பயணம் நேர்ந்திராவிட்டால் மெய்ப்பு படிக்கும்போது எனக்குக் கூசியிருக்காது. ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தி அனுப்பியிருப்பேன்.

இளநிலை மாணவிகளுக்கு இலக்கணம் நடத்தும்போது தோன்றா எழுவாய் பற்றிச் சொல்வோம். ‘வந்தேன்’ என்றால் ‘நான்’ வெளியே தெரியாமல் வினைமுற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. தமிழில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் முழுமை பெற்றுவிடும். இமயமலைப் பயணங்களைப் பற்றித் தமிழில் வருகிற எழுத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். வாரப் பத்திரிகைக் கட்டுரையோ, முகநூல் பதிவோ, காணொளியின் பின்னணிக் குரலோ, பயண ஏற்பாட்டாளரின் துண்டறிக்கையோ, எதுவானாலும் சரி. ‘சூடாகத் தேநீர் கொடுத்தார்கள்.’ ‘கூடாரம் போட்டு வைத்திருந்தார்கள்.’ ‘பனியை வெட்டிப் பாதையைத் திறந்திருந்தார்கள்.’ யார்? விகுதி பலர்பால் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆணா பெண்ணா, அந்த ஊரா ஜார்க்கண்டிலிருந்து வந்தவரா, கூலி வந்ததா வரவில்லையா, எதுவும் தெரியாது. பெண்ணின் உழைப்பை மறைத்துவைக்க நம் மொழியில் இதைவிட வசதியான இடம் கிடையாது. அதே எழுத்தில் ‘நான்’ மட்டும் வரிக்கு வரி நிற்கும். இலக்கணப்படி அந்த ‘நான்’ தேவையே இல்லை. இருந்தும் எழுதுகிறோம். நானும் எழுதினேன்.

இமயத்தைத் தமிழ் எப்படிப் பார்த்திருக்கிறது என்பது பழைய கதை. சேரனின் வில் அங்கே பொறிக்கப்பட்டதாகப் பாடினார்கள். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் கல்லெடுக்க வடக்கே போகிறான். பத்தினியைக் கடவுளாக வழிபடவேண்டும் என்று முதலில் சொன்னவள் அவன் தேவி வேண்மாள். ஆனால் அதைச் செய்து முடிக்க ஒரு படையெடுப்பு வேண்டியிருக்கிறது, தோற்ற மன்னர் இருவரின் தலை வேண்டியிருக்கிறது. கனக விசயர் சுமந்த கல் கண்ணகியாகிறது. நீதி கேட்ட ஒரு பெண்ணின் உருவத்துக்கான கல்லை ஒரு சிற்பியோ வணிகனோ வண்டியில் கொண்டுவந்திருக்கலாகாதா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கேள்வி சரியானது. வெல்லாமல் கொண்டுவந்தால் அது இமயத்துக் கல்லாக இருக்காது.

இன்று படை இல்லை, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. லேயிலிருந்து நுப்ரா போகும் வழியில் கர்துங் லா கணவாய். உலகிலேயே உயரமான வண்டிப்பாதை, 18,380 அடி என்று அங்கே பலகை நின்றதையும் அதன் முன்னால் முஷ்டி உயர்த்தி நிற்கும் படங்களையும் எத்தனை பார்த்திருப்போம்! அளந்து பார்த்தவர்கள் சொல்லும் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி. எண்ணூறு அடி கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெருமையும் பிறகு உம்லிங் லாவுக்குப் போய்விட்டது. அது 5,798 மீட்டர். ஆண்கள் தங்கள் உயரத்தைச் சொல்லும்போது அரை அங்குலம் கூட்டிச் சொல்வதுதான் நினைவுக்கு வருகிறது.

கணவாய்க்குப் போகும் சாலைகளின் ஓரங்களில் வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் பலகைகள் புகழ்பெற்றவை. ‘என் வளைவுகளில் மென்மையாக இரு’ என்கிற பொருளில் ஒன்று. ‘அன்பே, உன்னைப் பிடிக்கும், ஆனால் இவ்வளவு வேகம் வேண்டாம்’ என்கிற மாதிரி இன்னொன்று. சாலை பெண்ணுடலாகவும் ஓட்டுபவர் ஆணாகவும் எழுதப்பட்டாயிற்று. இவற்றைப் படம்பிடித்துப் போட்டு நகைச்சுவை என்று ரசிக்கிறோம். முதல் பயணத்தில் நானும் ஒன்றை எடுத்தேன், சிரித்தேன், தோழிக்கு அனுப்பினேன். அதே வளைவில், தார் டிரம்முக்குப் பக்கத்தில், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்த பெண் என் படத்தின் ஓரத்தில் பாதியாக விழுந்திருக்கிறாள். வண்டியோட்டி கேட்டுச் சொன்னார், தும்கா பக்கம் என்று. பிறகு அந்தப் படத்தை வெட்டிச் சரிசெய்தபோது அந்தப் பாதியும் போய்விட்டது. பழைய வன்தட்டில் வெட்டாத மூலம் கிடைத்ததால்தான் இதை எழுத முடிகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெண்கள் பயணம் போவதைக் குறை சொல்லும் கட்டுரை அல்ல இது. 2013-இல் நான் லடாக் போவதற்கு வீட்டில் நடந்த விசாரணையை இங்கே விரிக்கவில்லை. ‘கைலாசம் என்றாலாவது புண்ணியம் உண்டு, ஆற்றில் ரப்பர்ப் படகு விட எதற்கு அங்கே போகவேண்டும்’ என்று மாமியார் கேட்டார். கைலாசத்துக்கு முதலில் கிளம்பிய தமிழ்ப் பெண் காரைக்கால் அம்மையார். அவர் முதலில் தன் உடம்பின் தசையை உதறிப் பேயுருவம் வாங்கிக்கொண்டார். அதன் பிறகும் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் நடந்து போனார் என்கிறது பெரியபுராணம். உடம்பை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. நான் உடம்போடு போக விரும்பினேன். நிம்முவில் ஜன்ஸ்கார் ஆறும் சிந்துவும் கலக்கும் இடத்தை நோக்கி, பனி உருகிய பழுப்புத் தண்ணீர் முகத்தில் அறைய, துடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்திய அந்த ஒன்றரை மணி நேரம் என் வாழ்க்கையில் நான் ஆசிரியையாகவோ மருமகளாகவோ தாயாகவோ இல்லாத நேரம். அதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. இனியும் போவேன்.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு ஒரு பழைய வம்சாவளி இருக்கிறது. இசபெல்லா பேர்டு என்ற ஆங்கிலப் பெண் 1889-இல் லடாக் வந்தார். 1894-இல் ‘அமங் த திபெத்தன்ஸ்’ என்ற புத்தகம் வெளியிட்டார். ஊரில் இருக்கும்போது முதுகு வலியும் சோர்வுமாகப் படுத்த படுக்கை. பயணம் புறப்பட்டால் குதிரைமேல் நாள்கணக்கில் சவாரி. வீடுதான் அவருக்கு நோய் என்று அவர் வாழ்க்கையைப் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் புரியும். அதே சமயம் அவர் கூடவே குதிரைகளும் பணியாட்களும் வந்தார்கள், பின்னால் பேரரசு நின்றது. ஒரு பெண்ணின் விடுதலை, இன்னொருவர் கூடாரம் அடித்துக் கொடுத்ததால் கூடியது. நமக்குப் பேரரசு இல்லை. மாதத் தவணையும் விடுப்புக் கடிதமும்தான். ஆனாலும் ‘தனியே போனேன்’ என்று எழுதும்போது நாம் உட்காருவது அவர் உட்கார்ந்த அதே சேணத்தில்தான். தனியே போய்வந்த எந்தப் பெண்ணும் அங்கே தானே உலை வைத்ததாக எழுதி நான் படித்ததில்லை.

இரண்டாம் பயணத்தில் ஷாம் பகுதிச் சிற்றூர் ஒன்றில் ஒரு வீட்டில் தங்கினேன். லடாக்கில் இப்படி வீடுகளில் தங்கும் ஏற்பாடு பரவியதற்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. பனிச்சிறுத்தை ஆட்டுப்பட்டியில் புகுந்தால் ஊர்க்காரர்கள் அதைக் கொன்றுவிடுவார்கள். சிறுத்தையால் ஆகும் நட்டத்தை ஈடுகட்ட வேறு வருமானம் இருந்தால் சிறுத்தை பிழைக்கும் என்று, 2000-களின் தொடக்கத்தில் பனிச்சிறுத்தைப் பாதுகாப்பு அமைப்பொன்று ஹெமிஸ் தேசியப் பூங்காவின் கிராமங்களில் இதைத் தொடங்கிவைத்தது. நடத்துபவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். பணம் அவர்கள் கைக்கே வருகிறது. இது சின்ன மாற்றமல்ல. ஆனால் சிறுத்தையைக் காப்பாற்றும் பொறுப்பும் கடைசியில் அடுப்படிக்கே வந்து சேர்ந்ததைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

நான் தங்கிய வீட்டுக்காரருக்கு என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். ‘ஆச்சே-லே’ என்று கூப்பிடச் சொன்னார்கள். அக்கா என்று பொருள், ‘லே’ மரியாதைக்கு. செட்டிநாட்டு ஆச்சி நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு. காலை நாலரைக்கு எழுகிறார். மாடு, பிறகு வாய்க்கால் முறைப்படி பார்லி வயலுக்குத் தண்ணீர் திருப்புவது, பிறகு எங்கள் ஆறு பேருக்குக் காலை உணவு. லடாக்கில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சுமார் 100 மில்லிமீட்டர். உருகும் பனிதான் தண்ணீர். அதனால்தான் அங்கே காலங்காலமாக உலர் கழிப்பறை: மேல்தளத்தில் ஒரு துளை, பக்கத்தில் மண்குவியல், ஒரு மண்வெட்டி, கீழே சேர்வது மக்கி வயலுக்கு எருவாகிறது. மறுநாள் வந்து இறங்கிய ஒரு குழு (நம் ஊர்க்காரர்கள்தான்) தண்ணீர் ஊற்றும் கழிப்பறை இல்லையென்று சத்தம் போட்டது. அவருடைய முகம் மாறவில்லை. இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். எங்கிருந்து கொண்டுவந்தார் என்று நான் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு முந்நூறு அடி கீழே ஒரு வாய்க்கால். 3,000 மீட்டருக்கு மேலே வெறுங்கையோடு அந்த மேட்டில் ஏறிவர எனக்கு நான்கு இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. சாகசம் என்ற சொல்லை நாம் எதற்கெல்லாம் செலவழிக்கிறோம் என்று அங்கே நின்று மூச்சு வாங்கியபோது யோசித்தேன்.

ஒரு மாலை, அவருடைய மகள் (லேயில் கல்லூரியில் படிக்கிறாள்) நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள். சொன்னேன். லடாக்கைப் பற்றி எழுதியிருக்கிறீர்களா என்றாள். கைப்பேசியில் இருந்த ஒரு கவிதையை என் ஓட்டை இந்தியில் சொன்னேன். அவள் லடாக்கியில் அம்மாவுக்குச் சொன்னாள். யாருமற்ற மலை, யாருமற்ற வழி, கேட்க ஆளில்லாத மணியோசை, இப்படிப் போகும் அது. ஆச்சே-லே ஸ்க்யூவுக்கு மாவைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே கேட்டார். பிறகு ஏதோ கேட்டார். மகள் கொஞ்சம் தயங்கி மொழிபெயர்த்தாள்: “அந்த வருஷம் எங்க ஊரெல்லாம் எங்கே போயிருந்ததாம்?”

கேலியும் இல்லை, கோபமும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. இந்தி வரவில்லை என்பதுபோல நடித்தேன்.

மறுநாள் ஆல்ச்சி. லேயிலிருந்து மேற்கே சிந்துவின் ஓரமாக எழுபது கிலோமீட்டருக்குள். சாகசத்துக்கு வருகிறவர்கள் அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடும் இடம். நான் ஒரு முழுநாள் இருந்தேன். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளின் மண்சுவர்களில், காஷ்மீரக் கைகள் தீட்டியவை என்று சொல்லத்தக்க ஓவியங்கள். சும்செக் என்னும் மூன்று நிலைக் கோயிலில் மூன்று பெரிய போதிசத்துவர்கள் நிற்கிறார்கள். அவர்களின் வேட்டியிலேயே ஓர் உலகம் வரையப்பட்டிருக்கிறது: ஒன்றில் அரண்மனைகளும் கோயில்களும், ஒன்றில் புத்தரின் வாழ்க்கை, ஒன்றில் 84 சித்தர்கள். அவலோகிதேசுவரரின் காலடிப் பக்கம் பச்சைத் தாரை. விரல் நகம் அளவு இடத்தில் அவள் ஆடையின் மடிப்பு, மெல்லிய துணிக்குள் தெரியும் மேனி. இரண்டு முறை பார்த்தும் போதவில்லை. படமெடுக்கத் தடை, அது நல்லது.

டுகாங் என்னும் இன்னொரு மண்டபத்தில், வாசலுக்குப் பக்கத்தில், அரச தம்பதி மது அருந்தும் காட்சி இருக்கிறது. அவன் கையில் கோடரி, அவள் அருகில் அமர்ந்து கிண்ணத்தைத் தருகிறாள். கட்டியவர்களின் பெயர் கல்வெட்டெழுத்தில் உண்டு: டுகாங்குக்குக் கல்டென் ஷெரப், சும்செக்குக்குச் சுல்ட்ரிம் ஓ. வழிகாட்டிகள் இவர்களையும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போ கட்டினார் என்று முடித்துவிடுகிறார்கள். கிண்ணம் ஏந்திய பெண்ணைப் பற்றி வழிகாட்டியிடம் கேட்டேன். “ராணி” என்றார். பெயர்? “ராணிதான், மேடம்.”

பாரம்பரியம் என்று நாம் போய்ப் பார்ப்பதில் பெண் இருக்கிற விதம் இது. தெய்வமாக இருந்தால் சுவர் முழுக்க. மனுஷியாக இருந்தால் ஒரு மூலை, பெயர் கிடையாது. காவல் தெய்வங்களின் இருட்டறையான கோன்காங்குக்குள் பெண்களை விடாத கோம்பாக்களும் உண்டு. அதைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது, நம்மூர்க் கருவறை வாசலிலிருந்து கிளம்பிப் போனவர்கள் நாம். ஆனால் ஆல்ச்சி கோயிலுக்குப் போகும் சந்தில் வாதுமைப் பழம் உலர்த்தி விற்கும் பெண்களையும், அங்கே நில்ஸா வாங்மோ பெண்களைக் கொண்டே நடத்தும் ‘ஆல்ச்சி கிச்சன்’ உணவகத்தையும் ‘பாரம்பரியச் சின்னங்கள்’ பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. நில்ஸா வாங்மோவுக்கு 2019-ஆம் ஆண்டுக்கான நாரி சக்தி விருது கிடைத்தது. வீட்டுக்கு வெளியே மறைந்துகொண்டிருந்த லடாக்கி சமையலை, சுட்டாகியையும் ஸ்க்யூவையும், காசு கொடுத்துச் சாப்பிடும் உணவாக அவர் ஆக்கியிருக்கிறார். ஆயிரம் ஆண்டு ஓவியத்தை நோக்கிப் போகிற வழியில் பசிக்கு நுழையும் இடமாகத்தான் அது நம் பதிவுகளில் வருகிறது. ‘சாப்பாடு நன்றாகக் கொடுத்தார்கள்.’

தமிழ் படித்தவள் பௌத்த நிலத்துக்குப் போனால் மணிமேகலையை எடுத்துக்கொண்டுதான் போவாள். முதல் பயணத்தில் நான் அப்படித்தான் போனேன். எங்கே ஒரு பிக்குணியைப் பார்த்தாலும் எனக்கு அவள் மணிமேகலை. செந்நிற ஆடை, மழித்த தலை, கட்டற்ற பெண் என்று ஒரு முழுக் கவிதை இருக்கிறது. அதில்கூட ஆடைதான் இருக்கிறது, ஆள் இல்லை. ஜன்ஸ்காரின் கர்ஷா பிக்குணி மடத்தை வைத்து கிம் குட்ஷோ எழுதிய ‘பீயிங் எ புத்திஸ்ட் நன்’ (2004) என்ற ஆய்வு நூலைப் பிறகுதான் படித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. துறவிகளின் மடங்களுக்கு நிலமும் அறக்கட்டளைகளும் உண்டு. சடங்குக்கு அழைப்பும் காணிக்கையும் உண்டு. பிக்குணிகளுக்கு அவை அற்பம். பலர் தங்கள் சோற்றுக்காகப் பிறந்த வீட்டு வயலில் உழைக்கிறார்கள். நாற்றுக் காலத்திலும் அறுவடையிலும் அண்ணன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினால் தியானத்தை நிறுத்திவிட்டுப் போகவேண்டும். துறவு பூண்டும் மகளாகவே இருப்பது. மணிமேகலையின் கையில் அமுதசுரபி இருந்தது. எடுக்க எடுக்கக் குறையாது. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக்கினாள். (அங்கேயும் அவளுக்கு ஒதுக்கப்பட்டது ஊருக்குச் சோறு போடும் வேலைதான் என்பதை இருபது ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு இப்போதுதான் உறைக்கிறது.) கர்ஷாவில் அமுதசுரபி கிடையாது.

திபெத்திய மரபில் பெண்களுக்கு முழுத் துறவுநிலை நெடுங்காலமாக வழங்கப்படவில்லை. 2022-இல் பூட்டானில் 144 பெண்களுக்கு அது வழங்கப்பட்டபோது அது உலகச் செய்தி. அதற்கு வெகுமுன்னே, 1996-இல், மருத்துவர் செரிங் பால்மோ லடாக் பிக்குணிகள் சங்கத்தைத் தொடங்கினார். வீட்டு வேலைக்காரிகளாகக் கிடந்த பிக்குணிகளுக்குக் கல்வியும் தங்க இடமும் வேண்டும் என்பதே அதன் வேலை. நாம் லே போய்வருகிறோம், சாந்தி ஸ்தூபியில் சூரிய அஸ்தமனம் பார்க்கிறோம். இந்தச் சங்கத்தின் பெயரைக்கூடக் கேட்காமல் திரும்புகிறோம். நான் 2013-இல் கேள்விப்படவில்லை. கேள்விப்படும் வழி எதையும் நான் தேடவில்லை என்பதே சரி.

பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் பயணத்தின் மோசமான பக்கம் தா, ஹனு கிராமங்கள். புரோக்பா மக்களின் ஊர்கள். ‘தூய ஆரியர்’ என்று விளம்பரப்படுத்தி அழைத்துப் போகிறார்கள். இனத்தூய்மை என்பதே வடிகட்டின பொய். அந்தப் பொய்யின்மேல் இன்னொன்றையும் ஏற்றிவைத்திருக்கிறார்கள்: ஐரோப்பியப் பெண்கள் கருத்தரிப்பதற்காக அங்கே வருவதாக. வழிகாட்டிகள் கண்ணடித்துக்கொண்டு சொல்லும் கதை. ஒருத்தரும் ஆதாரம் காட்டியதில்லை. தலையில் பூக்கள் குத்திய மூதாட்டிகளைச் சுற்றிக் கேமராக்கள். பங்கோங் ஏரிக்கரையில் வேறுவகைக் கூத்து. ‘3 இடியட்ஸ்’ படத்தில் கல்யாணத்தை உதறிவிட்டு மணப்பெண் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள் அல்லவா, அதே மாதிரி மஞ்சள் ஸ்கூட்டர்கள் கரையில் நிறுத்தப்பட்டிருக்கின்றன. காசு கொடுத்து ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். பேரக் என்னும் நீலமணித் தலையணியும் அப்படி வாடகைக்கு. அது தாயிடமிருந்து மூத்த மகளுக்கு வரும் சொத்து. பெண்வழியில் கைமாறும் மிகச் சில சொத்துகளில் ஒன்று. அதன் போலியைத் தலையில் வைத்து நான் எடுத்துக்கொண்ட படம் இன்னும் என் முகநூலில் இருக்கிறது. எடுத்துவிடப் போவதில்லை, அதுவும் சாட்சிதான்.

ஆனால் வேறு வகையாகவும் நடக்கிறது. 6,153 மீட்டர் உயரமான ஸ்டோக் காங்ரி, பயிற்சி இல்லாதவர்களும் ஏறிவிடலாம் என்று பெயரெடுத்த சிகரம். கூட்டம் பெருகி, கீழே ஸ்டோக் கிராமத்துக்கு வரும் பனியாற்று நீர் அசுத்தமானதும், 2020 முதல் ஏற்றத்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு சிகரத்தைவிட ஒரு ஊரின் குடிதண்ணீர் பெரிது என்று முடிவெடுக்கப்பட்டதை எந்தச் சாகசக் காணொளியும் கொண்டாடிப் பார்த்ததில்லை. ‘ஏமாற்றம்’ என்றுதான் சொன்னார்கள். தின்லஸ் சோரோல் 2009-இல் ‘லடாக்கி விமன்ஸ் டிராவல் கம்பெனி’யைத் தொடங்கினார். வழிகாட்டுபவர்களும் சுமை தூக்குபவர்களும் பெண்கள். மலை ஏறுவது ஆண் வேலை, பெண் வழிகாட்டி என்றால் வேறு மாதிரிப் பேசுவார்கள் என்றிருந்த ஊரில் அதைச் செய்தார்.

லடாக்கின் சாகச விளையாட்டு என்று நாம் பட்டியலிடும் எதிலும் ஐஸ் ஹாக்கி இருக்காது. சுற்றுலாக் காலம் முடிந்து, குளங்கள் உறைந்த பிறகு அங்கே பெண்கள் அதை ஆடுகிறார்கள். சறுக்குக் காலணி கிடைப்பதே பாடு. மைதானத்தில் ஆண்கள் ஆடி முடித்த பிறகு மிஞ்சிய நேரத்தில் தொடங்கிய ஆட்டம். இந்தியப் பெண்கள் அணி 2016-இல் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டிக்குப் போய் எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. மறு ஆண்டு பாங்காக்கில் முதல் வெற்றி. அணியில் பெரும்பாலோர் லடாக்கிப் பெண்கள். ஆச்சே-லேயின் மகள் கல்லூரி அணியில் கோல் காக்கிறாள். டிசம்பரில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வலைக்கு முன்னால் கவசத்துக்குள் குந்தியிருக்கிறாள்; முகம் தெரியவில்லை. பின்னால் மலை இருக்கிறது, யாரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மறுபதிப்பு வேலையை மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். முழுவதையும் எடுத்துவிடலாமா என்று பதிப்பாளரிடம் கேட்டேன். “எடுத்துவிட்டால் நீங்கள் எழுதவே இல்லை என்றாகிவிடும், தோழர்” என்றார். அது சரியாகப் பட்டது. பிக்குணியை மணிமேகலையாக்கிய கவிதையை மட்டும் நீக்கினேன், அது பொய். மற்ற எட்டும் அப்படியே இருக்கின்றன. தலைப்பை அடித்துவிட்டு எழுதிய ஆண்டையும் மாதத்தையும் மட்டும் போட்டேன். புத்தகம் ஜனவரியில் வந்தது. ஒரு பிரதியை ஷாமுக்கு அஞ்சலில் அனுப்பினேன். பனிக்காலத்தில் அஞ்சல் லேயோடு நின்றுவிடும், மார்ச்சில்தான் கைக்கு வரும் என்று மகள் எழுதியிருக்கிறாள். அம்மாவுக்கு எப்படி மொழிபெயர்க்கப் போகிறாய் என்று கேட்டேன். முதலில் நீங்கள் இந்தி படியுங்கள் என்றாள்.